சத்தம் நின்றுபோன நல்ல செய்தி

நெஞ்சு அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற சர்ஜனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஆனாலும் ஒரே ஒரு சம்பவத்தோடு நிறுத்திக்கொள்வதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தையல் எப்படிப் போடுவது, குழாயை எங்கே செருகுவது என்பதெல்லாம் இதில் வராது. என்னைவிட அழகாகத் தைக்கிறவர்களின் வீடியோ உங்கள் போனிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது ஒரு போன் அழைப்பைப் பற்றி. மொத்தமாக ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன், அதுவும் சிரித்துப் பேசிக்கொண்டே.

அவர் பெயர் கோவிந்தராஜன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம் வைத்து நெல் விவசாயம். சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் இதயத்தின் இடப்பக்க வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. வரப்பில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் என்ற நிலையில்தான் தஞ்சாவூரில் இருந்த என்னிடம் வந்தார். கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு ஒன்றைப் பொருத்தினேன். என் முதுகை நானே தட்டிக்கொடுக்கலாம் என்று தோன்றிய ஆபரேஷன்களில் அது ஒன்று. சில மாதத்தில் மனிதர் மறுபடியும் வயலில் இறங்கிவிட்டார்.

அந்த வால்வுக்கு ஒரு குணம் உண்டு, நீங்களும் வார்டில் கேட்டிருப்பீர்கள். மூடும்போதெல்லாம் டிக் என்று ஒரு சத்தம். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். நோயாளி வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். முதல் செக்கப்புக்கு வந்தபோது அவர் மனைவி தனலட்சுமி அம்மாள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டர், இந்தச் சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ண முடியாதுங்களா?”

“அது ரேடியோ இல்லம்மா.”

“வீட்டுக்கு வந்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. சுவத்துக் கடிகாரம்தான்னு நெனச்சு அதக் கழட்டி அடுப்படியில கொண்டு வெச்சேன். அப்பவும் கேக்குது. பேட்டரிய உருவினேன். அப்பவும் கேக்குது. அப்பறம்தான் தெரிஞ்சுது, கடிகாரம் என் பக்கத்துலதான் படுத்திருக்குன்னு.”

கோவிந்தராஜன் ஏதோ தப்புச் செய்துவிட்ட பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்தில் அந்த அம்மாள் வராத செக்கப் இல்லை, சத்தத்தைத் திட்டாத செக்கப்பும் இல்லை. பிரிவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர்கள் வரும் நாளில் யார் முதலில் சிரிப்பது என்று எங்களுக்குள் போட்டியே உண்டு.

இந்த வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. ஆயுள் முழுக்க, தினமும். விட்டால் வால்வின் மேல் ரத்தம் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இதை நான் சாதாரணமாகச் சொல்வதில்லை, மிரட்டித்தான் சொல்வேன். வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் அட்டையையும் நானே உட்கார்ந்து நல்ல தமிழில் எழுதி அச்சடித்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்ற ஆஸ்பத்திரிகளில் யாருக்கும் புரியாத மொழியில் எழுதுகிறார்கள், நான் எழுதியதை யார் வேண்டுமானாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன். காலை எட்டரை மணி. ஒரு பைபாஸ் ஆபரேஷன் காத்திருக்கிறது. தியேட்டர் உடை மாற்றிக்கொண்டு கை கழுவப் போகும் நேரம். தனலட்சுமி அம்மாள் கூப்பிட்டார். கோவிந்தராஜனுக்கு அறுபது நிறைந்து, மறுநாள் காலை திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பத்திரிகையை முன்பே நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“டாக்டர், மறந்துடாதீங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு. நாங்க எல்லாரும் வேன்ல கெளம்பிட்டோம்.”

“வரப் பாக்கறேம்மா. மாப்பிள்ளை எப்படி இருக்காரு?”

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். “மாப்பிள்ளைக்கென்ன, ஜம்முன்னு இருக்காரு. பன்னண்டு நாளா வெரதம். மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடுதான். ஒடம்பு லேசாயிட்டுதுங்கறாரு. ஒண்ணு சொல்லணும் டாக்டர், அம்பாள் புண்ணியத்துல அந்தச் சத்தம்கூட நின்னுபோச்சு. ரெண்டு நாளா நிம்மதியாத் தூங்கறேன்.”

“ரொம்ப சந்தோஷம்மா. நான் கேட்டதாச் சொல்லுங்க அவர்கிட்ட.”

போனை வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இந்நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பீர்கள். எழாதவர்கள் அந்த அம்மாள் சொன்னதை இன்னொரு தரம் படியுங்கள். மெக்கானிக்கல் வால்வு சத்தம் போடாமல் இருந்தால் அது சரியாகத் திறந்து மூடவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் கேட்டிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் அது பரீட்சைக் கேள்வியாக வரவில்லை. கல்யாண அழைப்போடு சேர்ந்து, சிரிப்போடு வந்தது. நோயாளி குறை சொன்னால் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்கிறோம். சந்தோஷமாகப் பேசினால் நாமும் சந்தோஷமாகப் பேசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இரண்டு வருடப் புகார் ஒன்று தானாகத் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதிதான் அப்போது எனக்கு இருந்தது.

தியேட்டர் பொறுப்பு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர். என் கோபத்துக்குப் பயப்படாதவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் என் மனைவி, இன்னொருவர் அவர். கையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு அவரிடம் வம்பளந்தேன்.

“நம்ம குத்தாலத்து அம்மா போன் பண்ணாங்க சிஸ்டர். ஒரு வழியா வீட்டுக்காரரோட டிக் டிக் நின்னுபோச்சாம். ரெண்டு நாளா நல்ல தூக்கமாம்.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. கையில் இருந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் என்னையே பார்த்தார்.

“நின்னுபோச்சா சார்?”

அவ்வளவுதான் கேட்டார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை தியேட்டரில் யாரையும் வம்பு பேசாதே என்று சொன்னதில்லை.

ஈரக் கையோடு போனை எடுத்து அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாம் தரமும் எடுக்கவில்லை. வேனுக்குள் பாட்டு, குழந்தைகள், சொந்தக்காரர்கள் சத்தம். போன் பைக்குள், பை சீட்டுக்கு அடியில். இது பிறகு தெரிந்தது. மயக்க மருந்து டாக்டர் கதவைத் திறந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். பத்து நிமிடம் பொறுங்கள் என்றேன்.

“பத்திரிகை எங்க சார்?” என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

என் அறை மேஜையில், உறையைப் பிரிக்காமல் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். நம் பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாய்மாமனிலிருந்து நேற்றுப் பிறந்த பேரன்வரை அத்தனை பேர் பெயரும் இருக்கும். படிக்கவே அரை நாள் வேண்டும் என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அடியில் சின்ன எழுத்தில் மகன் பிரபுவின் நம்பர் இருந்தது. சிங்கப்பூரில் வேலை. இந்தக் கல்யாணத்தை நடத்துவதற்காகவே லீவு போட்டு வந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டீல் தட்டின் மேல் வைத்தோம்.

“டாக்டர்! கெளம்பிட்டீங்களா? உங்களுக்கு லாட்ஜ்ல ரூம் போட்டு வெச்சிருக்கேன் சார்.”

“பிரபு, அப்பா எங்க?”

“முன் சீட்டுல இருக்காரு. ஏன் சார்?”

“மூச்சு வாங்குதா அவருக்கு?”

“காலையில படி எறங்கறப்ப கொஞ்சம் வாங்குச்சு. வெரதம் இருக்காருல்ல, அந்த அசதிதான். வேற ஒண்ணும் இல்ல.”

“வண்டிய ஓரமா நிறுத்துங்க. இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லுங்க.”

குறுவை அறுவடை நேரம் அது. மயிலாடுதுறையைத் தாண்டி, ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்த ஓர் இடத்தில் வேன் நின்றது. இன்ஜின் நின்ற பிறகும் போனில் ஒரே இரைச்சல்.

“அது என்ன சத்தம்?”

“பக்கத்து வயல்ல அறுவடை மிஷின் ஓடுது சார்.”

“அதையும் நிறுத்தச் சொல்லுங்க.”

என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறேன். அறுவடை மிஷினுக்குப் போட்டது அன்று ஒரு நாள்தான். பிரபு வரப்பில் இறங்கி ஓடுவதும், “அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணே, டாக்டரு போன்ல கேக்கணுங்கறாரு!” என்று கத்துவதும் கேட்டது. அந்த டிரைவர் என்ன நினைத்தாரோ தெரியாது, நல்ல மனுஷன், நிறுத்திவிட்டார்.

“அப்பாவ வாயத் தெறக்கச் சொல்லுங்க. போன அவரு ஒதட்டுக்கிட்டப் பிடிங்க. யாரும் பேசக் கூடாது.”

இந்தப் பக்கம் நாங்கள் ஐந்தாறு பேர் முகமூடியோடு ஒரு தட்டைச் சுற்றிக் குனிந்து நிற்கிறோம். அந்தப் பக்கம் ஒரு வேன் நிறைய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு மூச்சு கேட்டது. இன்னொரு மூச்சு. யாருடைய வளையலோ ஒரு தரம் சத்தம் போட்டது. தூரத்தில் ஒரு மைனா. இருபது மூச்சு எண்ணினேன். டிக் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

போனில் கேட்கவில்லை என்பதெல்லாம் ஒரு ஆதாரமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். போன் சில சத்தங்களை விழுங்கிவிடும். ஆனால் இரண்டு வருடமாகப் பக்கத்திலேயே இருந்து கேட்ட காது ஒன்று அந்த வேனுக்குள் இருந்தது. எந்த மிஷினும் அப்படி ட்யூட்டி பார்க்காது. அந்தக் காது காலையிலேயே ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. போன் அதை இல்லை என்று சொல்லவில்லை, எனக்கு அது போதும்.

“பிரபு, வண்டியத் தஞ்சாவூருக்குத் திருப்புங்க.”

“சார், நாளைக்குக் காலையில கல்யாணம் சார். எட்டு மணிக்கெல்லாம் முடிஞ்சுடும். முடிஞ்ச கையோட நேரா உங்ககிட்டக் கூட்டிட்டு வந்துடறேன். எல்லாரும் அங்க வந்துட்டு இருக்காங்க. பாதியில நிறுத்தினா நல்லதில்லன்னு சொல்வாங்க சார்.”

இந்த இடத்தில் எனக்கு நாக்கு நுனிவரை வந்த பதில் வேறு. உங்க அப்பா நாளைக்கு எட்டு மணிக்கு இருக்கணுமா வேண்டாமா என்று கத்தியிருப்பேன். ஆனால் அப்பா பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், என் குரல் அவருக்கும் கேட்கும். பயந்தால் இதயம் வேகமாக ஓடும். அடைத்துக்கொண்ட வால்வை வைத்துக்கொண்டு வேகமாக ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். நல்லவேளையாக அந்த ஒரு புத்தி எனக்கு வந்தது. போனை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கி, அம்மாவையும் இறக்கி அவரிடம் கொடுங்கள் என்றேன்.

“அம்மா, சத்தம் நின்னது நல்லது இல்லம்மா. உள்ள வெச்ச வால்வு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனைக்கறேன். அவர இன்னிக்கே நான் பாத்தாகணும். நாளைக்கு வரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

அம்மாள் போனை வைக்காமலே மகன் பக்கம் திரும்பிப் பேசினார்.

“பிரபு, திருப்புடா வண்டிய.”

“அம்மா, ஐயருகிட்ட...”

“ஐயருக்கு நான் சொல்லிக்கறேன். நீ திருப்பு.” கதவு திறக்கும் சத்தம். உடனே குரல் மாறியது. “ஒண்ணும் இல்லீங்க, டாக்டரு உங்கள ஒரு தரம் பாத்துட்டுப் போகச் சொல்றாரு. நீங்க பாட்டுக்குச் சாஞ்சு உக்காருங்க.”

நோயாளியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று உங்களுக்கு இப்போது வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். அந்த அம்மாளைக் கூப்பிட்டு ஒரு நாள் பேசச் சொல்லலாம்.

அடுத்த சிக்கல் என் மேஜையில் படுத்திருந்தவர். திருவையாற்றுக்காரர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வேன் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகும். பைபாஸை ஆரம்பித்தால் பிற்பகல்வரை போகும். எங்களிடம் அப்போது இருந்தது ஒரே தியேட்டர். வாத்தியாரின் நிலைமை இரண்டு நாள் பொறுக்கும், வேனில் வருகிறவருக்குப் பொறுக்காது. ஆகவே வாத்தியாரை வார்டுக்குத் திருப்பி அனுப்ப முடிவு செய்தேன். இப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல ஜூனியரை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“ஆக, எனக்குக் குறிச்ச நல்ல நேரம் அவருக்குப் போகுதுங்கறீங்க.”

“ஆமா சார்.”

“போகட்டும். ஆனா ராத்திரியிலேருந்து பட்டினி போட்டிருக்கீங்க. இப்ப ஒரு ஸ்ட்ராங் காபி வந்தாகணும்.”

காபி வந்தது. இரண்டு நாள் கழித்து அவருக்கு ஆபரேஷன் செய்து, நன்றாக வீட்டுக்குப் போனார்.

பதினொன்றரை மணிக்கு வேன் வந்தது. பட்டுப்புடவைகளும் பூக்கூடைகளும் பலகாரத் தூக்குகளுமாக அவசரச் சிகிச்சை வாசலில் ஒரு கல்யாணமே இறங்கியது. கோவிந்தராஜன் தானே நடந்து வருவதாக அடம்பிடித்தார், விடாமல் வீல் சேரில் உட்கார வைத்தோம். எக்கோ எடுத்தோம், எக்ஸ்ரே திரையில் வால்வு ஆடுகிறதா என்றும் பார்த்தோம். அந்த வால்வில் இரண்டு சின்னக் கதவுகள் உண்டு. ஒன்று மதகுப் பலகை மாதிரி சிக்கிக்கொண்டு அசையவே இல்லை. மற்றது அரைகுறையாகத் திறந்துகொண்டிருந்தது. அது ஒன்றின் தயவில்தான் மனிதர் அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

“தியேட்டருக்குக் கொண்டுவாங்க,” என்றேன்.

எங்கள் கார்டியாலஜி டாக்டர் அம்மா தடுத்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். “சார், அவரு உக்காந்து நல்லாப் பேசிட்டு இருக்காரு. பிரஷர் நல்லா இருக்கு. கட்டியைக் கரைக்கற மருந்த மெதுவா ஏத்திப் பாக்கலாம். தியேட்டர் ரெடியா இருக்கட்டும். நெலமை மோசமானா உடனே எடுத்துக்கங்க.”

மருந்திலும் ஆபத்து உண்டு. கரையும் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். ஒரு தரம் திறந்த நெஞ்சை மறுபடி அவசரமாகத் திறப்பதில் அதைவிட ஆபத்து உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நடைவழியில் நின்று அவரோடு சத்தம் போட்டுச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாக ஒரு கேள்வி கேட்டார்.

“வேற யாரோட பேஷண்டா இருந்தா என்ன சொல்வீங்க சார்?”

மருந்து கொடு என்றுதான் சொல்லியிருப்பேன். காலையில் போனை வைத்த குற்ற உணர்ச்சி என்னை அரித்துக்கொண்டிருந்தது. என் கையாலேயே ஏதாவது செய்து அதைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன். அப்படி ஒரு அரிப்பு இருக்கும்போது கத்தியை எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் வயதில் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் அவரை முடிவு எடுக்க விடுங்கள். பிரபுவிடமும் அம்மாளிடமும் இரண்டு ஆபத்தையும் மறைக்காமல் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். மருந்து ஏறத் தொடங்கியது.

கொஞ்சம் ஆசுவாசமான பிறகு கோவிந்தராஜனிடம் கேட்டேன், மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்று.

“ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர். வெரதம் ஆரம்பிக்கற வரைக்கும்.”

“அப்பறம்?”

என்னை விநோதமாகப் பார்த்தார். “ராத்திரிச் சாப்பாடே இல்லையே. அப்பறம் எப்பிடிப் போடறது?”

பக்கத்துப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த அட்டையை எடுத்து என்னிடமே நீட்டினார். என் நல்ல தமிழ். ‘இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. வெறும் வயிற்றில் எந்த மாத்திரையும் போடக் கூடாது.’ முன்பு ஒரு நோயாளிக்கு வயிறு புண்ணாகிவிட்டதால் இரண்டாவது வரியைச் சேர்த்துச் சிவப்பு மையில் அச்சடித்திருந்தேன். இந்த மாத்திரைக்கு அந்த வரி தேவையே இல்லை. தினமும் ஒரே நேரத்தில் விழுங்கினால் போதும்.

“இவகூடக் கேட்டா, மாத்திரை போடலியான்னு. டாக்டரு எழுதியிருக்கறதப் படின்னு நான்தான் காட்டினேன்,” என்றார்.

வருடத்தில் பாதி நாள் யாராவது ஒருவர் விரதம் இருக்கிற ஊர் இது. என் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை இரவு அடுப்பு எரியாது. அதைத் தெரிந்துகொண்டே, எல்லோரும் எல்லா இரவும் சாப்பிடுவார்கள் என்று நம்பி அட்டை எழுதியிருக்கிறேன். சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளிகளை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். இவர் சொன்ன பேச்சை எழுத்துப் பிசகாமல் கேட்டதால் சாகப்பார்த்தார். அன்று மாலையே அட்டையை மாற்றி எழுதினோம். ‘ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும், விரதம் இருந்தாலும்.’ ஸ்டெல்லா சிஸ்டர் எட்டிப் பார்த்து, “அறுபதாம் கல்யாணம் வந்தாலும்னு போடுங்க சார்,” என்றார். இடம் இல்லாததால் போடவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு எக்கோவில் இரண்டு கதவும் ஆடுவது தெரிந்தது. கார்டியாலஜி டாக்டர் அம்மா திரையை என் பக்கம் திருப்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க எதையோ தேடுவதுபோல் குனிந்தேன். தனலட்சுமி அம்மாளை ஒரு நிமிடம் உள்ளே விட்டோம். யாரும் சொல்லாமலேயே கோவிந்தராஜன் வாயைத் திறந்தார். அம்மாள் குனிந்து காதை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

நானும் பின்னாலேயே போனேன். வெளியே பிரபு நின்றுகொண்டிருந்தார். நேற்றிலிருந்து ஐயருக்கும், மண்டபத்துக்கும், எங்கெங்கிருந்தோ வந்த சொந்தக்காரர்களுக்கும் பதில் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார். அப்பா பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாகி அம்மா மேல் கொட்டியது.

“மாத்திரை எடுத்துக் குடுக்கறது ஒண்ணுதாம்மா உன் வேலை. பன்னண்டு நாளு! சத்தம் நின்னுபோச்சுன்னு நல்லாத் தூங்கியிருக்க. அப்பா போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

அம்மாள் கல்யாணப் புடவை இருந்த துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். முதல் நாளிலிருந்தே நாத்தனார், ஓரகத்தி, பார்க்க வந்தவர்கள் என்று ஆளுக்கு ஒரு விதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கோவிந்தராஜன் பிழைத்துவிட்டார். அட்டையையும் மாற்றியாகிவிட்டது. பழியைச் சுமக்க ஏற்கெனவே ஒரு ஆள் கிடைத்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு என் அறைக்குப் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. போய்விடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய். பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“பிரபு, அம்மாவத் திட்டாதீங்க. அட்டையில தப்பா எழுதினது நான். அதுல இருக்கற மாதிரியேதான் அப்பா செஞ்சிருக்காரு. அது மட்டும் இல்ல. நேத்துக் காலையில அம்மா என்கிட்ட வெரதத்தையும் சொன்னாங்க, சத்தம் நின்னதையும் சொன்னாங்க. நான் ரொம்ப சந்தோஷம்னு சொல்லிட்டு போன வெச்சுட்டேன். எங்க நர்ஸ் கேட்டதுக்கு அப்பறம்தான் எனக்கு ஒறச்சுது.”

பிரபு என்னை உற்றுப் பார்த்தார். “பெரிய டாக்டர்னுதான சார் உங்ககிட்ட வந்தோம்.”

“ஆமா. தப்பு என்னுதுதான்.”

இனி அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். ஆனால் பேசியது அம்மாள். என் மன்னிப்பைப் பற்றி அவருக்கு அக்கறை இருந்ததாகவே தெரியவில்லை.

“டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேத்து நான் உங்களுக்கு போன் பண்ணலன்னா?”

“இன்னிக்கு அவரு இருந்திருக்க மாட்டாரும்மா.”

அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

“கேட்டியாடா?”